அன்னப்பிள்ளையின் தபாலட்டைகள்

மரப்பசையின் புளித்த நெடி எங்கே அடித்தாலும் எனக்குக் கோபம் வரும். தளபாடக் கடையில், அயல்வீட்டுக்காரர் அலுமாரி பொருத்துகிற நாளில் மாடிப்படியில், என் மகனின் பாலர் பள்ளியில் பிள்ளைகள் குச்சிகளை ஒட்டி வீடு கட்டுகிற மேசையடியில் என்று எங்கே அந்த நெடி மூக்கில் ஏறினாலும், பத்து வயதுப் பிள்ளையாக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இத்தனை வருஷத்தில் ஆறியிருக்க வேண்டிய கோபம்தான், ஆனால் ஆறவில்லை, ஆறவேண்டும் என்று நான் பெரிதாக முயற்சி செய்ததும் இல்லை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த அந்தக் காலத்தில் ஒஸ்லோவிலிருந்து ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் ஒடியலும் பினாட்டும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு வந்தபோது, அப்பா மட்டும் துருப்பிடித்த ‘பிஸ்கற் ரின்’ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் குசினி மேசையில் வைத்தார். கூரை போன வீட்டில் சுவரும் சிலாகையும் கூடுகிற மூலையில் அது எப்படியோ தப்பியிருந்ததாம். மூடியைத் திறந்ததும் காய்ந்த வேப்பிலையும் கரப்பான் எச்சமும் கலந்த மணம் வந்தது. உள்ளே, சணல் கயிற்றால் கட்டிய பழைய தபாலட்டைகள் இருந்தன.

என் பூட்டன், அதாவது அப்பாவின் அப்பப்பா, வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி மதராசுக்குப் போய்க் கல்லூரியில் படித்தவர். அவர் வீட்டுக்கு எழுதியவையும் வீட்டிலிருந்து அவருக்குப் போனவையும்தான் அந்த அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் ராசாவின் தலையும், இந்தப் பக்கத்தில் விலாசம் மட்டுமே எழுதலாம் என்ற ஆங்கில வரியும் அச்சாகியிருந்தன. விலாசமும் தபால் முத்திரையும் அங்கே. சொல்ல வந்த சங்கதி முழுவதும் மற்றப் பக்கத்தில். உள்ளங்கையளவு இடத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு மாதத்தை எழுதி முடிக்க வேண்டும். அதனால் எழுத்து எறும்பு அளவில் இருக்கும், இடம் முடிந்ததும் ஓரத்தில் நிமிர்ந்து ஏறும்.

பூட்டன் எழுதியவை அவருடைய ஐயாவின், அதாவது தகப்பனாரின், பெயருக்குத் தமிழ் விலாசத்தோடு வந்தவை. விடுதிச் சோறு வாய்க்கு விளங்கவில்லை, நல்லெண்ணெய் ஒரு போத்தல் ஆரேனும் வருகிறவரிடம் கொடுத்தனுப்பவும், கட்டிலில் மூட்டைப்பூச்சி, கணிதத்தில் புள்ளி குறைந்துபோயிற்று, கோபிக்க வேண்டாம். பெரிய படிப்பாளி என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த மனிதர் கணிதத்தில் கோட்டை விட்டவர் என்று தெரிந்த நாளில் நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அவருக்குப் போன அட்டைகள் எல்லாவற்றையும் எழுதியது அவருடைய தங்கச்சி அன்னப்பிள்ளை. முறைக்கு அவளும் எனக்கு ஒரு பூட்டிதான், ஆனால் அட்டைகளில் அவளுக்குப் பன்னிரண்டு வயது, ஆகவே நான் அவளை என் கூட்டாளியாகவே எடுத்துக்கொண்டேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அண்ணன் கப்பலேறுமுன் கல்லூரி விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அவள் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் அட்டையிலும் இறக்கியிருந்தாள். “இஞ்சை பார், இது எழுதினதில்லை, படம் கீறின மாதிரிக் கீறியிருக்கிறா,” என்று அம்மா கோணல்மாணலான அந்த ஆங்கில எழுத்துகளைக் காட்டிச் சிரிப்பார். தமிழ்ப் பக்கத்தைத் திருப்பினால் கை ஓடுகிற ஓட்டமே வேறு.

சனிக்கிழமைதான் அட்டை வாசிக்கிற நாள். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து அம்மா வர, நான் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து வர, தேத்தண்ணி குடித்த பிறகு அம்மா கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு ரின்னைத் திறப்பார். ஈரக் கையோடு தொட்டால் மை கலங்கும் என்று எனக்கும் அதே சட்டம். முத்திரையில் இருந்த திகதியைப் பார்த்து அவரே எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். அந்தக் காலத்துக் கையெழுத்தில் புள்ளியும் இல்லை, கொம்பு எது கால் எது என்ற நிச்சயமும் இல்லை. அதனால் ஓர் அட்டையை வாசித்து முடிக்கவே நேரம் போய்விடும். ‘அண்ணா அவர்கள் சமுகத்துக்குத் தங்கை அன்னப்பிள்ளை எழுதிக்கொள்வது, இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும், நிற்க’ என்று சம்பிரதாயம் முடிந்த பிறகுதான் கதை தொடங்கும். கறுவல் பசு கன்று போட்டது, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது, மொட்டைவால் கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது.

இவற்றுக்கு நடுவே ஒரு விஷயம் அட்டைக்கு அட்டை வளர்ந்துகொண்டு வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்புகளை அன்னப்பிள்ளை முடித்துவிட்டாள். பட்டினத்தில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, அவளுக்கு அங்கே போக வேண்டும், ஐயா விடவில்லை. ‘ஐயா சம்மதிக்கும்படி தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும்’ என்று முதலில் கேட்டாள். பிறகு, ‘தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்’ என்றாள். “ஐயா வாசிச்சுப்போட்டுத்தான் போஸ்காட்டைத் தபாலிலை போடுவார் எண்டு அவவுக்குத் தெரியும். தமையனுக்கு எழுதிறன் எண்டு சொல்லி ஐயாவுக்கெல்லோ எழுதுறா, கெட்டிக்காரி,” என்று அம்மா மேசையில் தட்டிச் சொன்ன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அம்மா தன்னுடைய பெரிய சோதனையை எழுத இருந்த வருஷம் சனம் ஊரைவிட்டு ஓடிய வருஷம், அந்தச் சோதனையை அவர் பிறகு எழுதவேயில்லை. அன்னப்பிள்ளை படிக்கப் போனாளா இல்லையா என்பது எங்கள் குசினியில் அம்மாவுக்குச் சொந்தப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

நாங்கள் கடைசியாக வாசித்த அட்டையில் அவள், ‘நேற்றுப் பின்னேரம் ஐயா என்னைக் கூப்பிட்டுப் பேசினார்’ என்று தொடங்கி, ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்ததையும், அம்மா கதவு நிலையோடு நின்றதையும் எழுதி, ஓரத்தில் நிமிர்ந்து ஏறிக் கடைசியில் ‘இடமில்லை, மிகுதி அடுத்த அட்டையில்’ என்று முடித்திருந்தாள். அடுத்த அட்டை அடுக்கில் மேலேயே இருந்தது. நான் கெஞ்சினேன், காலைத் தரையில் அடித்தேன். அம்மா அசையவில்லை. “வாற சனிக்கிழமை பாப்பம். முழுக்க ஒரேயடியா வாசிச்சா முடிஞ்சு போமெல்லே,” என்று சொல்லி மூடியைப் போட்டார். ருசியானதை மிச்சம் பிடித்து வைக்கிற அந்தப் பழக்கத்தின்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதை அம்மாவுக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கிழமை நடுவில், அம்மா வேலைக்குப் போய், அப்பாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்த நேரமாகப் பெரியப்பா வந்தார். அப்பாவின் தமையன், லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு வாங்கியவர், தமிழர் விழா எது நடந்தாலும் மேடையில் ஒரு கதிரை அவருக்கு உண்டு. வரப்போகும் பொங்கல் விழாவில் பழைய பொருள்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்றும், மூத்தவன் என்ற முறையில் இதெல்லாம் உண்மையில் தன் வீட்டில் இருக்க வேண்டியவை என்றும் சொல்லிக்கொண்டே ரின்னைத் திறந்தார். கையைக் கழுவவில்லை.

“எங்கடை அப்பப்பா மதராசிலை படிச்சவர் எண்டு இஞ்சை எத்தினை பேருக்குத் தெரியும்? நாலு சனம் பாக்கோணும்,” என்றார்.

“அம்மா இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை, பெரியப்பா,” என்று நான் சொன்னேன்.

“அதிலை வாசிக்க என்ன கிடக்கு, பிள்ளை? மாடு கண்டு போட்டதும் கோழியைக் கீரி பிடிச்சதும். முன்பக்கத்தைப் பார். ராசாவின்ரை தலை, கல்லூரிப் பேர், எல்லாம் இங்கிலீசிலை!”

அப்படிச் சொல்லி, ஆங்கில விலாசம் உள்ளவற்றை மட்டும் தெரிந்தெடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். எண்ணெய் கேட்ட அட்டைகளும் கணிதத்தில் கோட்டைவிட்ட அட்டையும் ரின்னோடு எங்களிடமே தங்கின. அம்மா வந்து கேட்டபோது அப்பா, “அண்ணை கேக்கேக்கை என்னெண்டு இல்லையெண்டுறது? விழா முடியத் தருவார்தானே,” என்றார். என் அப்பா நல்ல மனிதர். தமையன் முன்னால் மட்டும் அவருக்கு வாய் இருப்பதில்லை.

விழா குரோருட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் ‘யிம்சாலில்’, பிள்ளைகள் பந்தடித்துக் குதிக்கிற மண்டபத்தில் நடந்தது. றப்பர் தரையின் மணம், சர்க்கரைப் பொங்கலின் மணம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பசையின் நெடி. வாசலுக்கு நேரே ஒரு பெரிய பலகையில் அட்டைகளை வரிசை வரிசையாக ஒட்டி, மேலே சிவப்பு எழுத்தில் பூட்டனின் பெயரையும், அவர் கல்லூரியில் இருந்து எழுதிய கடிதங்கள் என்ற வாசகத்தையும் போட்டிருந்தார் பெரியப்பா. விலாசப் பக்கம் எங்களைப் பார்த்தது. அன்னப்பிள்ளை எழுதிய பக்கம் முழுக்கப் பசைக்குள் போயிருந்தது. சனம் வந்து நின்று, “எவ்வளவு எழுதியிருக்கிறார், பாருங்கோவன்,” என்று வியந்தது. அவர் எழுதிய ஒன்றுகூட அந்தப் பலகையில் இல்லை! அவ்வளவும் அவள் எழுதியவை. விலாசத்தில் வாங்குகிறவரின் பெயர்தான் இருக்கும் என்ற சின்ன விஷயம்கூட மேடைக் கதிரைக்காரருக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மா பெரியப்பாவோடு நேரே கதைப்பதில்லை. அன்றைக்கும் அப்பாவின் பக்கம் திரும்பி, “உங்கடை அண்ணையைக் கேளுங்கோ, பின்பக்கத்தை என்ன செய்தவர் எண்டு,” என்றார்.

பெரியப்பாவும் அப்பாவிடமே பதில் சொன்னார். “பலகைக்குப் பூசுற பசை. நூறு வருசம் போனாலும் கழராது எண்டு சொல்லு.” அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

அம்மா பலகைக்குக் கிட்டப் போய் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, இரண்டாம் வரிசையில் இடது ஓரத்து அட்டையில் விரலை வைத்து, “இதுதான் அடுத்தது,” என்று என்னிடம் சொன்னார். நகத்தால் மூலையைக் கிளப்பிப் பார்த்தார். விலாசப் பக்கத்துத் தாள் மட்டும் சீவலாக உரிந்து வந்தது, எழுத்துப் பக்கம் பலகையோடு இருந்துவிட்டது. “என்ன செய்யிறாய், கிழியப்போகுது!” என்று பெரியப்பா பதறினார். அவர் முதல்முதலாக அம்மாவோடு நேரே பேசிய வார்த்தை அதுதான். எனக்கு அவருடைய கையைக் கடிக்க வேண்டும்போல இருந்தது. கடித்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பலகை திரும்பி வரவில்லை, லோறென்ஸ்கூக் வீட்டு விறாந்தையில் ஏறிவிட்டது. அதன் பிறகு எத்தனையோ பிறந்தநாள்களுக்கு அதன் கீழே இருந்து றோல்ஸும் கேக்கும் சாப்பிட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் அம்மா சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். மிஞ்சிய பூட்டனின் அட்டைகளை விழா முடிந்த அன்றே நாங்கள் முழுக்க வாசித்தோம். ஐயாவுக்கு அன்னப்பிள்ளைக்காக அவர் எழுதிய அந்த ஒரு வரி எதிலாவது இருக்கும் என்று பார்த்தோம். ‘அன்னப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும்’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அவளுடைய அட்டைகளை எறியாமல் வைத்திருந்தாரே என்று அம்மா அவருக்காகப் பரிந்து பேசினார். நான் பேசமாட்டேன். ஊரில் இருந்த கிழவர்களிடம் தொலைபேசியில் விசாரித்தோம். பிள்ளையில்லாமல் செத்துப்போன ஒரு சகோதரி இருந்ததாக ஒருவர் சொன்னார், பெயர் அவருக்கு வரவில்லை. படித்தவளா என்று கேட்டதற்கு, அந்த நாளையில் பொம்பிளைப் பிள்ளையள் என்னத்தைப் படிச்சது என்று சிரித்தார்.

இப்போது அந்தக் காலத்து ஹவுகன்ஸ்டுவா வீடும் எங்களிடம் இல்லை, சனிக்கிழமைத் தேத்தண்ணியும் இல்லை, அப்பாவும் இல்லை. தபாலட்டை என்றால் என் மகனுக்கு விளங்கவைக்க ஒரு பொழுது வேண்டும். போன வருஷம் பெரியப்பா பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போனபோது, மாட்டச் சுவரில்லை என்று பலகையைக் குரோருட்டில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். “உனக்குத்தான் இதிலை ஆசை,” என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பழைய தாள்களைப் பழுது பார்க்கிற ஒரு பெண்ணிடம் காட்டினேன். தாளைக் கழற்றலாம், எழுத்து பசையோடுதான் வரும் என்று அவள் கையை விரித்துவிட்டாள்.

ஆகவே பலகையைத் திருப்பி, ராசாவின் தலைகள் சுவரைப் பார்க்க நிறுத்தி வைத்தேன். வெளியே தெரிவது வெறும் பலகை.

அம்மா வந்தபோது அதைப் பார்த்து, “என்ன பிள்ளை, முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைச்சிருக்கிறாய்?” என்று கேட்டார்.

“அது பெரியப்பாவின்ரை முகம், அம்மா. அன்னப்பிள்ளை எழுதினது இந்தப் பக்கம் பாத்துக்கொண்டெல்லோ இருக்கு. நடுவிலை பலகை மட்டும்தான்.”

அம்மா குசினிக்குப் போய்க் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து, முன்னால் இடதாக இருந்தது பின்னால் வலது என்று தனக்குள்ளே கணக்குப் பார்த்து, பலகையின் வலது ஓரத்தில் இரண்டாம் வரிசையின் உயரத்தில் கையை வைத்தார்.