மெலாஹத் அக்கா அங்காராவில் கேட்டது

துருக்கியின் அய்வாலிக் துறைமுகத்தில் தீவுப் படகுக்கு டிக்கெட் கொடுப்பவள் மெலாஹத் அக்கா. பக்கத்துத் தேநீர்க் கடை என்னுடையது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவளால் டிக்கெட் கூண்டுக்குள் உட்காரவே முடியவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படகுத்துறையின் கடைசி வரை நடப்பாள், திரும்புவாள், மறுபடியும் நடப்பாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அவளுடைய ஒரே மகள் இல்கின், நர்ஸ். இன்சுலினும் பால்பவுடரும் ஏற்றிக்கொண்டு, முற்றுகையில் கிடந்த கரைக்குப் போன படகில் எட்டுப் பேரோடு அவளும் இருந்தாள். "ரெண்டு போர்ப்படகு பின்னாடியே வருதும்மா" என்று அன்று காலை பதினோரு மணிக்கு ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

வெளியுறவு அமைச்சகத்துக்குப் போன் போட்டாள். "கவனிச்சிட்டு இருக்கோம், மேடம்" என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டபோதும் அதே பதில். நாலாவது தடவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ருஸ்தெம், இவங்க எதைக் கவனிக்கிறாங்க? வானிலையவா?"

மறுநாள் காலை அங்காரா பஸ் ஏறினோம். தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பத்து மணி நேரப் பயணத்தில் பாதி நேரம் அவள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். நான் வாங்கிக் கொடுத்த சிமித் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மடியில் தூளாக்கினாளே தவிர, ஒரு துண்டும் வாயில் போடவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அமைச்சகம். எங்களைப் பார்க்க இறங்கி வந்த அதிகாரி செவ்தெத் பே. நாற்பது வயதிருக்கும், மூன்று நாள் தாடி. நல்ல மனுஷன்தான்.

"அந்தப் பக்கம் போக வேண்டாம்னு அவங்களுக்கு எழுத்துலயே எச்சரிக்கை கொடுத்தோம், அக்கா. அவங்களா விரும்பிப் போனாங்க."

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள்.

"இருபத்தாறு வருஷமா துறைமுகத்துல டிக்கெட் கிழிக்கிறேன், தம்பி. புயல் எச்சரிக்கை பலகையை நானே தொங்கவிடுவேன். அதையும் மீறிப் போற முட்டாளுங்க வருஷத்துக்கு நாலு பேர். கடலோரக் காவல் படை போய் அவங்களுக்கு முதல்ல கயிறு போடுமா, இல்ல திட்டிட்டு நிக்குமா?"

அவர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார்.

"என் பொண்ணு செஞ்சது தப்புன்னே வச்சுக்கோ. வந்ததும் நானே ரெண்டு வைக்கிறேன். அவ கையில இருக்கிறது நீங்க கொடுத்த பாஸ்போர்ட்டுதானே? யாருக்குப் போன் பண்ணீங்க, எத்தனை மணிக்கு, என்ன சொன்னாங்க? இந்த மூணையும் சொல்லு, போயிடுறேன்."

"அதெல்லாம் வெளிய சொல்ற விஷயம் இல்ல..."

"அப்ப நானும் வெளிய போறதா இல்ல."

கூடத்தில் அங்குமிங்கும் நடக்க ஆரம்பித்தாள். காவலாளி இரண்டு முறை வந்து உட்காரச் சொன்னான். "உட்கார்ந்தா மூச்சு முட்டுது, மகனே" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தாள். மதியம் மற்ற குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் அதே மூன்று கேள்விகளைக் கேட்டார்கள்.

நாலு மணிக்குச் செவ்தெத் பே ஒரு காகிதத்தோடு வந்தார். முற்றுகை போட்டவர்கள் ஒன்பது பேரையும் பிடித்துத் தங்கள் துறைமுகச் சிறை ஒன்றில் வைத்திருக்கிறார்களாம். அந்த நாட்டுக்கு இங்கிருந்து முதல் போன் போனது புதன்கிழமை மாலையில்தான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. "தாமதம்தான்" என்றார், தரையைப் பார்த்தபடி. நாளை பத்து மணிக்குத் தூதரக அதிகாரி நேரில் போய் ஒவ்வொருவரையும் பார்ப்பார். பெயர்களை வாசித்தார். நாலாவது பெயர் இல்கின். அப்போதுதான் அக்கா சுவரில் சாய்ந்தாள்.

பிடிபட்ட ஆறாம் நாள் விமானத்தில் வந்தார்கள். இல்கினின் இடது மணிக்கட்டில் கட்டு. இன்சுலின் போய்ச் சேரவில்லை. கப்பல்துறை வெயிலில் பெட்டியோடு கிடந்து கெட்டுப்போனதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

"அடுத்த மாசம் இன்னொரு படகு போகுதும்மா."

"அடிப் பாவி! கட்டாவது பிரிச்சாங்களாடி?"

இருவரும் வாரம் முழுக்கச் சண்டை போட்டார்கள். மகள் பின்வாங்கவில்லை. அக்காவும் தூங்கவில்லை.

கடைசியில் அக்கா என் கடையில் உட்கார்ந்து அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். படகு கிளம்பும் முன்பே, அதில் போகிறவர்களுக்குப் பொறுப்பான அதிகாரி யார், அவர் பெயர், போன் எண் என்ன என்று கேட்டு. போய் வந்தவர்கள், போகப் போகிறவர்கள் என்று பதினெட்டுக் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. "பெறப்பட்டது" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. படகு கிளம்ப இன்னும் ஒன்பது நாள். அக்கா நாளைக்கு மறுபடி அங்காரா போகிறாள்.