குறுக்கே நிற்கும் ரயில்

தெருவில் அவளுக்குச் சண்டைக்காரி என்று பெயர். ஆஸ்பத்திரித் துணி வெளுப்பது தொழில். தெரு, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் அந்தப் பக்கம். நடுவே இரும்புத்தாதுச் சுரங்கத்து ரயில்.

பாதை போட வந்தவர்கள் மண் சுமக்க ஆள் கேட்டபோது அவள் அப்பா போனார். தெருவே போனது. தாது ஏற்றிப் போகும் வண்டியில் ஜனங்களுக்கும் ஒரு பெட்டி மாட்டுவோம் என்றார்கள். மாட்டவும் செய்தார்கள். சுரங்கம் பெருத்ததும் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு தாது வேகன் மாட்டினார்கள். ஏன் என்று ஆபீசுக்குப் போய்க் கேட்டவள் அவள் ஒருத்திதான். பெயர் அன்றைக்கு வந்தது.

வண்டி வருஷத்துக்கு வருஷம் நீண்டது. சிக்னல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பெல்லாம் வண்டி சிக்னலில் நின்றால் அதன் வால் தெரு கடக்கும் வழியைத் தாண்டியிருக்கும். இப்போது இஞ்சின் சிக்னலடியில் நிற்க, வண்டியின் பின்பாதி வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. காலையில் வந்து நின்றால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை அசையாது.

தெரு வேகனுக்கு அடியில் குனிந்து போகப் பழகிக்கொண்டது. புத்தகப் பையைத் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் பின்னால் ஊர்ந்தார்கள். அவள் துணி மூட்டையை உருட்டிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நுழைவாள். எப்போது நுழைவது என்று தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவள் தம்பி, கொத்தனார். வண்டி கிளம்பும்போது இஞ்சினின் இழுப்பு கொக்கி கொக்கியாகத் தட்டிக்கொண்டு பின்னால் வரும். அந்தத் தட்டல் தூரத்தில் கேட்டதுமே வெளியே வந்துவிடலாம்.

"சொல்லிட்டுத்தான் கிளம்பும். நம்ம சொந்தக்காரங்க மாதிரி இல்ல" என்பான்.

ஒருநாள் சுரங்கக் கம்பெனி, வண்டிக்குப் பின்னாலும் ஓர் இஞ்சின் மாட்டியது. தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. தம்பி கரணையைக் கையில் பிடித்தபடி குனிந்தான். முன்பக்கம் காது கொடுத்தான். சத்தம் இல்லை. நுழைந்தான். வண்டி பின்னாலிருந்து நகர்ந்தது.

வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று.

கம்பெனி அதிகாரி பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"வண்டிக்கு அடியில புகுந்தா நாங்க என்னம்மா பண்றது?"

"வண்டிய வழியில நிறுத்தினது யாரு சார்?"

"சிக்னல் அங்கதானே இருக்கு."

"வழிக்கு முன்னாலயே நிறுத்துங்க. பின்னால வெறும் பொட்டல். ஆடுதான் மேயுது. அதுங்க உங்ககிட்ட சண்டைக்கு வராது."

"நினைச்ச இடத்துல நிறுத்த முடியாதும்மா. டிரைவர் கண்ணுக்குச் சிவப்பு தெரிஞ்சாத்தான் நிறுத்துவார்."

பழத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"விடுக்கா" என்றான் தம்பி. "நான்தான் சரியாக் கேக்கல."

அதிகாரி பேசியதைவிட இதுதான் அவளை எரித்தது.

"நீ சரியாத்தான்டா கேட்ட. சொல்ல வேண்டியவன் சொல்லல. இனிமே உன் வாயில அந்த வார்த்தை வந்துச்சு, இன்னொரு காலையும் நானே ஒடிப்பேன்."

வீட்டுக்கு அனுப்பியபோது, தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். இனி அவனால் குனிந்து போக முடியாது. துணி ஏற்றும் தள்ளுவண்டியில் அவனை உட்காரவைத்து, அவன் மனைவி வழிவரை தள்ளிக்கொண்டு போவாள். எதிரே ரயில் நிற்கும். கால் கட்டின் மேல் ஈ மொய்க்க இருவரும் வெயிலில் காத்துக் கிடந்துவிட்டுத் திரும்புவார்கள். கட்டு மாற்றும் நேரம் முடிந்திருக்கும்.

மூன்று நாள் தொடர்ந்து அப்படித் திரும்பியபின் ஒருநாள் வழி கிடைத்தது. நர்ஸ் கட்டைப் பிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சீழ் வெச்சிருக்கு. இப்படியே வராம இருந்தா முட்டிக்கு மேல எடுக்க வேண்டியிருக்கும்."

அதே நாள் ஆஸ்பத்திரி ஸ்டோர்க்காரர் நாலு படுக்கை விரிப்புகளைத் திருப்பி எறிந்தார்.

"வெளுத்த துணியா இது? செங்கல் மாதிரி இருக்கு."

மூடாத வேகன்களிலிருந்து பறக்கும் தாதுத் தூசி. ஈரத்துணியில் விழுந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். வழக்கமாக அவரிடம் கத்திவிட்டு, கொண்டுபோய் மறுபடி துவைப்பாள். அன்று கத்தவில்லை. துவைக்கவும் இல்லை.

மறுநாள் காலை வண்டி வரும் பக்கமாக, வழிக்குச் சற்றுத் தள்ளி, இந்தப் புறத்து மரத்திலிருந்து அந்தப் புறத்துக் கம்பத்துக்குத் துணி உலர்த்தும் கயிற்றை இழுத்துக் கட்டினாள். நாலு விரிப்பையும் விரித்துப் போட்டாள். தண்டவாளத்துக்குக் குறுக்கே செக்கச்செவேலென்று தொங்கின.

சிக்னலுக்காக ஏற்கனவே வேகம் குறைத்து வந்த வண்டி கிறீச்சிட்டு நின்றது. வழி திறந்து கிடந்தது.

டிரைவர் இறங்கி வந்தார்.

"தண்டவாளத்துலயா துணி காயப்போடுவீங்க?"

"காயப்போடல. நீங்க போட்ட சாயம் நல்லா பிடிச்சிருக்கான்னு பாருங்க."

"எடுங்கக்கா. என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க."

"சிவப்பைப் பாத்தா நிக்கணும், நின்னீங்க. உங்க மேல தப்பில்ல. என் தம்பி போகட்டும், எடுக்கறேன்."

தள்ளுவண்டி தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியது. தெருவே கூடி நின்று பார்த்ததில் தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"மானம் போகுதுக்கா."

"காலே போச்சு. துண்டை எடுடா."

டிரைவர் அவன் காலில் இருந்த கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "பின்னால இஞ்சின் மாட்டினது எனக்கே அன்னைக்குக் காலையிலதான் தெரியும்" என்றார் மெதுவாக.

"உங்களுக்காவது சொன்னாங்க."

தள்ளுவண்டி அந்தப் பக்கம் இறங்கியதும் கயிற்றை அவிழ்த்தாள். வண்டி முன்னேறி, எப்போதும்போல் சிக்னலில் நின்று, எப்போதும்போல் வழியை அடைத்தது. நின்றதற்குக் காரணத்தை டிரைவர் வயர்லெஸ்சில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஜீப் சத்தம். அவள் குந்தி உட்கார்ந்து சக்கரங்களுக்கு இடையே பார்த்தாள். இரண்டு ஜோடி போலீஸ் பூட்ஸ்.

"துணி கட்டினது யாரு?"

"நான்தான்."

"இங்க வா."

"வழி அடைச்சிருக்கு சார். நீங்க வாங்க. நாங்கல்லாம் குனிஞ்சுதான் வர்றோம்."

ஒரு ஜோடி பூட்ஸ் நெருங்கி வந்தது. ஒரு முழங்கால் சரளைக்கல்லில் ஊன்றியது. தொப்பியைப் பிடித்திருந்த கை தெரிந்தது.

"முன்னால சத்தம் வரும்னு நம்பிடாதீங்க. பின்னாலயும் இஞ்சின் இருக்கு. என் தம்பிகிட்ட யாரும் சொல்லல. உங்ககிட்ட நான் சொல்லிட்டேன்."

முழங்கால் எழுந்துகொண்டது.

"வண்டி போகட்டும். நீ அங்கேயே இரு."

"இங்கேயேதான் இருக்கோம். எங்கப்பா காலத்துலேருந்து."

வெயில் ஏறியது. வண்டி அசையவில்லை. பூட்ஸ்கள் நிழலுக்கு நகர்ந்தன, பின் நிழலும் நகர்ந்தது. கட்டு மாற்றிக்கொண்டு திரும்பிய தள்ளுவண்டியின் சக்கரம் பூட்ஸ்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"மாத்தினாங்களாடா?" என்று வேகனுக்கு அடியில் குரல் கொடுத்தாள்.

"மாத்தியாச்சுக்கா. நாளைக்கும் வரச் சொன்னாங்க."

அவள் விரிப்புகளை உதறாமல் மடித்து, கயிற்றை மேலே சுற்றிவைத்துவிட்டு, போலீசுக்காகக் காத்திருந்தாள்.