மூக்கு போனவன் காய்ச்சிய பீர்

கொரோனா வந்து போனதில் எனக்கு மூக்கு போய்விட்டது. முகத்தில் இருக்கிறது, சளி பிடிக்கிறது, கண்ணாடியைத் தாங்குகிறது. வாசனை மட்டும் தெரிவதில்லை. முதல் வாரம் எல்லோரும் "வந்துடும், வந்துடும்" என்றார்கள். வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் சிலர் அதையே சொல்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு ஆவதில்லை.

கண் போனாலோ காது போனாலோ ஜனங்கள் பதறுவார்கள். மூக்கு போனது என்றால் "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுத்த வடையை எடுப்பார்கள். அந்த வடை எனக்கு எண்ணெயில் நனைத்த பஞ்சு. சாம்பார் என்பது வெந்நீரில் உப்பும் காரமும். ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து, வீடெல்லாம் புகைந்து, அலாரம் அலறிய பிறகுதான் பக்கத்து அறையிலிருந்து எழுந்து ஓடினேன். அன்றிலிருந்து என் மனைவி என்னை அடுப்படியில் தனியாக விடுவதில்லை. என் உடம்பு நாறுகிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்குப் பயந்தே காலையும் மாலையும் குளித்தேன், ஆபீஸ் மீட்டிங்கில் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். என் பெண்ணைக் கட்டி அணைத்தால் அவள் தலைமுடியில் எந்த வாசனையும் இருக்காது. ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டே வாய்விட்டு அழுதிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

டாக்டர் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று சின்னச் சின்னக் குப்பிகளை வாங்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் முகர்ந்து, அந்த வாசனையை நினைத்துப் பார்க்க வேண்டுமாம். மூளைக்குப் பயிற்சி. மாதக்கணக்கில் முகர்ந்தேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கிராம்புக்கும் எனக்கும் அப்படி என்ன பெரிய உறவு? கடைசியில் குப்பிகளைக் குப்பையில் போட்டேன்.

அப்போதுதான் பீர் நினைப்பு வந்தது. பெண் பிறப்பதற்கு முன்னால் நான் வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொண்டிருந்தவன். இங்கே டெக்ஸஸில், ரிச்சர்ட்சனில் எனக்குத் தெரிந்த தமிழர்களில் ஒருவனுக்கு டென்னிஸ், ஒருவனுக்கு கேமரா, எனக்கு இது. முளைகட்டி வறுத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புத் தண்ணீரைப் பெரிய பானையில் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் என்கிற பச்சைப் பூவைப் போட்டால் ஒரு வாசனை எழும் பாருங்கள், தெருமுனை வரைக்கும் போகும். மனைவிக்கு அது ஆகவே ஆகாது. "மாட்டுக்குக் கொள்ளு அவிக்கிற மாதிரி இருக்கு" என்று ஜன்னல்களைத் திறந்து வைப்பாள். பிரசவத்துக்கு மாமனாரும் மாமியாரும் வந்தபோது பானையும் குழாய்களும் கராஜின் மேல்தட்டுக்கு ஏறின. அவர்கள் ஊருக்குப் போன பிறகும் இறங்கவில்லை. பீர் புளிக்க வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டை மட்டும், மூடி நன்றாக இறுகுகிறது என்று அவள் மளிகை வைக்கிற பான்ட்ரிக்கு எடுத்துக்கொண்டாள். ஊரிலிருந்து வரும் சாம்பார் பொடியும் பெருங்காயமும் இத்தனை வருடமாக அதில்தான் குடியிருந்தன.

என் உயிரில் ஊறிய வாசனை அது ஒன்றுதான். அதுவும் என் மூக்கை எழுப்பாவிட்டால் இனி வேறு எதுவும் எழுப்பாது என்று முடிவு கட்டிக்கொண்டேன். முட்டாள்தனம்தான். வேறு வழி இல்லாதவனுக்கு முட்டாள்தனமும் ஒரு வழி.

பீர் காய்ச்சும் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் பழைய ஆளைக் கண்ட சந்தோஷத்தில் ஹாப்ஸை என் உள்ளங்கையில் கொட்டி, கசக்கி முகரச் சொன்னார். கசக்கினேன். கையெல்லாம் பிசுபிசுத்தது. "அமேசிங்" என்றேன். அவர் கண்ணில் தெரிந்த பூரிப்பைப் பார்த்து வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலையில் பொடிப் பைகளை வெளியே எடுத்துப் போட்டு, பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி ஊற்றிச் சுத்தம் செய்தேன். கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. பானை கொதித்தபோது ஆவி சுடுகிற வரைக்கும் முகத்தை மேலே நீட்டினேன். ஒன்றுமில்லை. ஹாப்ஸைப் போட்டேன். அப்போதும் ஒன்றுமில்லை. என்னைக் காவல் காக்க அடுப்படியிலேயே நின்றிருந்தவளிடம் கெஞ்சினேன்.

"என்ன வாசனை வருதுன்னு சொல்லேன், ப்ளீஸ்."

ஜன்னலைத் திறக்கிறவள் அன்று பானை மேலே குனிந்தாள். "கொள்ளு மாதிரிதான் இருக்கு. இருங்க... இப்போ புல்லு வெட்டின மாதிரி. ஆரஞ்சு தோல உரிச்சா ஒண்ணு வருமே, அதுவும் இருக்கு."

ஆரஞ்சுத் தோல். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். டெக்ஸஸ் வெயிலில் கராஜ் ஆகாது என்பதால், ஆறியதைப் பக்கெட்டில் ஊற்றி, ஈஸ்ட் தூவி மூடி, விருந்தாளி பாத்ரூம் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் வைத்தேன். புளிக்கிற பீரைத் திறக்கவே கூடாது. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் போய்த் திறந்தேன். ஒருநாள் சாயங்காலம் மூடியைத் தூக்கிக் குனிந்ததும் மூக்குக்குள் சுரீர் என்றது. அதன் பின்னாலேயே, மெல்லிசாக, ஆரஞ்சுத் தோல். கத்திவிட்டேன். மனைவி ஓடி வந்தாள், பின்னாலேயே பெண்ணும்.

"ஆரஞ்சு வருது! உனக்கு வருதா? பாரு, வருதா?"

அவள் குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள். கண் கலங்கிவிட்டது. "வருதுங்க" என்றாள். பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு "அம்மா, இட் ஸ்மெல்ஸ்..." என்று ஆரம்பித்தாள். "நீ போய் ஹோம்வொர்க் முடி" என்று அவளை அனுப்பிவிட்டு, மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்று தரையில் உட்கார்ந்து சிரித்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு பசி எடுத்தது.

பீரைப் பாட்டில்களில் அடைத்து, நுரை கட்டியதும் ஊருக்கெல்லாம் போன் போட்டேன். மூக்கு வந்துவிட்டது, பீரும் தயார், வாருங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பீர் நல்ல தேன் நிறம், நுரையும் அமோகம். ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு வாயைப் பார்த்தேன்.

"சூப்பர் மச்சி" என்றான் ஒருவன். "டிஃபரண்டா இருக்குடா" என்றான் இன்னொருவன். இரண்டாவது வாய் யாரும் குடிக்கவில்லை. புதிதாக எங்கள் கூட்டத்தில் சேர்ந்தவன், பாவம், விஷயம் தெரியாதவன், விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், செம்ம ஐடியாடா! பீர்ல பெருங்காயமா? ரூமையே தூக்குது! சாம்பார் பொடியும் போட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் பேப்பர் தட்டைப் பார்த்தான். டம்ளரை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். பெருங்காயம் இல்லை. ஆரஞ்சும் இல்லை. குளிர்ந்த காற்று மட்டும்தான். அன்று மூக்குக்குள் சுரீர் என்றது புளிக்கும்போது கிளம்பிய கேஸ். அது யாருக்கும் உறைக்கும், அதற்கு வாசனை தெரிய வேண்டியதில்லை. காய்ச்சுகிறவனுக்கு இது பாலபாடம். எனக்கும் தெரிந்ததுதான்.

அவர்கள் போன பிறகு பாட்டில் பாட்டிலாகத் திறந்து சிங்க்கில் கவிழ்த்தேன். மனைவி பக்கத்தில் நின்று தட்டுகளை டிஷ்வாஷரில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அன்னிக்கே தெரியும் இல்ல?"

"மூடிய தொறந்ததுமே தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு வருதுன்னு சொன்ன? எல்லார் முன்னாடியும் என்னைக் கோமாளியாக்கிட்டியே!"

"நீங்க அப்படிச் சிரிச்சு எத்தன வருஷம் ஆச்சு?" தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா? என்னால முடியல. அவ்ளோதான்."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. பாட்டிலைத் தரையில் அடிக்கலாமா என்றிருந்தது. அதே நேரம் ஒன்றே ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். பீர் பொய்யாகவே இருக்கட்டும், அதற்குப் பிறகு ஒரு தடவை எனக்கு நிஜமாகவே வாசனை தெரிந்தது.

"சரி, பீர விடு. போன வாரம் மாடியிலேருந்து எறங்கும்போதே ரசம் மணக்குதுன்னு சொன்னேனே. அன்னிக்கு ரசம் இருந்துது. நான் சாப்பிட்டேன். கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க அதச் சொன்னப்போ நான் அடுப்பே பத்த வைக்கல. நீங்க குளிக்கப் போனதும்தான் புளியக் கரைச்சேன்."