கை மட்டும் தெரிந்த படம்

குன்னூர் அலுவலகத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலையைச் சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். எங்களுடையது பெரிய தேயிலை நிறுவனம். நிலம், ஃபேக்டரி, இயந்திரம் எல்லாம் ஆண்டறிக்கையில் வந்துவிடும். கையால் தொட முடியாத சொத்துகள் என்று சில உண்டு: பிராண்டின் பெயர், தொழில் நுணுக்கம், ஆட்களின் திறமை. இவற்றை வாரம் ஒரு பதிவாக நான் சமூக ஊடகத்தில் போட வேண்டும். முதலீடு செய்பவர்கள் இப்போது அதைத்தான் பார்க்கிறார்களாம். "கண்ணுக்கே தெரியாதத எப்படி போட்டோ எடுப்பே?" என்று என் கணவர் சீண்டுவார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன்.

ஒரு வாரம் போடுவதற்கு எதுவும் சிக்காமல் எமரால்டு பக்கம் இருக்கும் எங்கள் ஃபேக்டரிக்குப் போனேன். பறித்த இலையை வாட்டும் அறையில் ஐம்பதை நெருங்கிய ஒரு பெண் நின்றிருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். ஒரு பிடி இலையை அள்ளி, உருண்டையாக இறுக்கி, விரல்களை விரித்தார். உருண்டை படக்கென்று பிரிந்தது.

"எல இன்னும் வாடலங்க. இன்னும் ஒரு மணி நேரம் காத்து ஓடணுங்க," என்றார். ஈரம் பார்க்கும் மீட்டர் வேறு கணக்குச் சொன்னது. என்னோடு வந்த ஃபேக்டரி மேலாளர் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க மேடம், மழ நாள்ல மீட்டர நம்புனா தூளு கெட்டுப் போயிருமுங்க. பன்னெண்டு வருசமா இந்தம்மா கைதானுங்க எங்களுக்கு," என்றார்.

முகமும் கையும் தெரியப் படம் எடுத்தேன். நல்ல படம். ஆனால் அவரைப் போல ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆட்களின் முகமோ பெயரோ எங்கள் பதிவில் வரக் கூடாது. வந்தால் நாளைக்கு வேலை நிரந்தரம் கேட்டு நிற்பார்கள் என்பதுதான் காரணம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். கீழே 'எங்கள் நிறுவனத்தின் அறிவுச் சொத்து' என்று எழுதினேன். லைக் குவிந்தது. தலைமை அலுவலகம் பாராட்டி மெயில் அனுப்பியது. அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறு வருஷம் அந்த அம்மா நிரந்தரம் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். நிரந்தரம் ஆகிவிட்டால், குடியிருக்கும் தோட்டத்து லைன் வீட்டை விட்டு அவரை யாரும் போகச் சொல்ல முடியாது. ஒப்பந்தக்காரரின் பதிவேட்டிலோ அவர் சீசனுக்கு மட்டும் இலை பறிக்க வருகிறவர். ஃபேக்டரிக்குள் அவர் வேலையே பார்க்கவில்லை என்று நிறுவனமும் சொல்லிவிட்டது. மேலாளரும் வாயைத் திறக்கவில்லை.

விசாரணையில் அவர் தன் மகளின் போனில் எங்கள் பதிவை எடுத்து நீட்டினார். "இது ஏங் கைதாங்க சார்," என்றார். படம் போட்டவள் என்பதால் என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்து, "இது யாரு கைம்மா?" என்று கேட்டார்.

எங்கள் வக்கீல் காரில் வரும்போதே சொல்லிக் கொடுத்திருந்தார். "மாதிரிப் படம் சார். யாரையும் குறிக்கல," என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அதிகாரி வேறு ஆதாரம் இருந்தால் கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே படிக்கட்டில் அந்த அம்மா எனக்காகக் காத்திருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மேடம், அன்னைக்கு ஏம் மூஞ்சியோட சேத்து எடுத்தீங்கல்ல, அந்தப் படம் இருந்தாக் குடுங்க. அது ஒண்ணு போதும் எனக்கு."

அந்தப் படம் என் கைப்பையில் இருந்த போனில்தான் இருந்தது. கொடுத்தால் என் வேலை போய்விடும் என்ற பயத்தைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. "போன் மாத்துனப்போ எல்லாம் அழிஞ்சு போச்சுங்கம்மா," என்றேன்.

மகளின் போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"போனுன்னா அப்பிடித்தான மேடம். எம் பொண்ணு கல்யாணப் படமெல்லாம் இப்பிடித்தான் போச்சு. நீங்க ஒண்ணும் மனசு சங்கடப்படாதீங்க," என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, எமரால்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.