சந்தாதாரம்

என் வலைப்பூவுக்கு வாசகர்களைச் சேர்க்க நான் ஏன் அப்படிப் பேயாய் அலைந்தேன் என்று யாராவது கேட்டால், எழுத்து வெறி என்று சொல்லிவிடுவேன். அது பொய். எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாசகி. அவள் கடம்பத்தூரில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். அவள் என் மனைவி.

ஒரே ஒரு ஆளுக்காகத் தண்டோரா போட்டால் மானம் போய்விடும். ஊருக்கே சேர்த்துப் போட்டால் அதற்குப் பெயர் விளம்பரம். அதனால் ஊரையே கூப்பிட்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. மீஞ்சூரில் வீடு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் லாரிகளை எடை போடும் மேடை என் பொறுப்பு. உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டும் போட்டால்தான் கேட் திறக்கும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் டிரைவர்களைச் சிரிக்க வைப்பேன். போகவர ரயிலிலும் அதே வேலைதான். வீட்டிலும் அதேதான், ஆனால் வீட்டில் கூட்டம் குறைவு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முழுக் கச்சேரியையும் அவள் ஒருத்தியே கேட்க வேண்டியிருந்தது.

மாமியாருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது என்று பார்த்துக்கொள்ளப் போனாள். கொஞ்ச நாளில் மாமியார் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். இவள்தான் வரவில்லை. திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சண்டை ஏதாவது இருந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். சண்டையே இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேனே" என்றாள். பிறகு போன் எடுப்பதும் குறைந்தது. மீஞ்சூரும் கடம்பத்தூரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயில்காரன் கணக்கு வேறு. பேசின் பிரிட்ஜ் வரை போய் இறங்கி, அடுத்த பாதை வண்டியைப் பிடித்துத் திரும்ப மேற்கே போக வேண்டும். அப்படிப் போனபோதெல்லாம் அவள் காபி கொடுத்தாள். என் ஜோக்குக்கு அவள் அண்ணன் சிரித்தார்.

எப்போதோ ஒரு நாள் அவள் சொல்லியிருந்தாள்: "உங்க பேச்சையெல்லாம் யாராச்சும் எழுதி வெச்சா நல்லா இருக்கும். வேணும்னா படிப்பேன், வேணாம்னா மூடி வெச்சிடுவேன். இப்ப மூட முடியலையே." நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மூடி வைக்கக்கூடிய புருஷனாக ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாய் பழவேற்காட்டுக்காரர். குடும்பமே ஜவுளி வியாபாரம். இவர் மட்டும் துணியை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணாத்த என்பார்.

"ப்ளாக்தானே அண்ணாத்த? குந்துங்க. நாஷ்டா பண்ற நேரத்துல தொறந்துடலாம்."

திறந்தும் கொடுத்தார். பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வைத்தார். அதில் மின்னஞ்சல் முகவரியைப் போட்டால், நான் எழுதுவதெல்லாம் தானாகவே அவர்கள் பெட்டிக்குப் போய்விடும்.

"இதுல சேர்றவங்கதான் சந்தாதாரர். சந்தா வாங்க மாட்டோம், ஆனா பேரு அதான்" என்றார்.

எனக்கு இருந்தது ஒரு தாரம். அது திரும்பி வராவிட்டால் போகிறது, சந்தாதாரமாகவாவது வரட்டும். இதை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். பாயிடம் சொல்லவில்லை.

ரயிலில் ஆள் பிடிக்கும் வேலை தொடங்கியது. எங்கள் பெட்டியில் வழக்கமாக வரும் வெல்டர்தான் முதலில் மாட்டினார்.

"மெயிலுன்னா இன்னா தல?"

"லெட்டர்தான். போஸ்ட்மேன் கிடையாது."

"அப்ப தீபாவளி இனாம் மிச்சம். போட்டுக்க என் பேர."

இப்படிப் பெட்டியில் பாதிப் பேர் பெயர் கொடுத்தார்கள். ஐடி இல்லாதவர்களுக்கெல்லாம் பாய் ஐடி திறந்து கொடுத்தார், எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அவளுக்கு மட்டும் நானே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கீழே வலைப்பூவின் முகவரி, மேலே ஒரு வரி: "படிக்க வேண்டாம். மூடி வைக்கவாவது ஒன்று வேண்டுமே."

மறுநாள் சந்தாதாரர் கணக்கைப் பார்த்தால் பூஜ்யம். அடுத்த நாளும் பூஜ்யம். முழு லோடு லாரி மேடையில் நிற்கிறது, எடை காட்டவில்லை என்றால் எப்படி இருக்கும்? உலகமே கூடிப் பேசி என்னை ஒதுக்கிவிட்டது என்று முடிவுக்கு வந்தேன். பாயிடம் ஓடினேன்.

"பேஜாராவாதீங்க அண்ணாத்த. பேரப் போட்டா மட்டும் பத்தாது. 'நிச்சயமா உங்களுக்கு வேணுமா?'ன்னு அவங்களுக்கு ஒரு மெயில் போவும். அதுல இருக்கற லிங்க்கைத் தட்டணும். ரெண்டு வாட்டி தட்னாத்தான் சேர்த்தி."

வெல்டர் கூட்டத்தை அன்று மாலையே இழுத்து வந்து தட்ட வைத்தேன். எண்கள் ஏறின. அவள் பெயர் மட்டும் இல்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் பாய் கடையில் எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் காலையில் இருந்தது. பள்ளிக்கூட அலுவலக முகவரி, முன்னால் அவள் பெயர்.

"இன்னா அண்ணாத்த, லாட்டரியா?" என்றார் பாய், என் முகத்தைப் பார்த்து.

ரெண்டு தட்டு! ஒரு தட்டென்றால் கை தவறிப் பட்டது என்று சொல்லலாம். ரெண்டு தட்டு யாரும் தவறித் தட்டுவதில்லை. கல்யாணத்துக்குக்கூட அவள் ஒரே ஒருமுறைதான் தலையாட்டினாள், அதுவும் அவள் அப்பா கேட்டதற்கு.

அதற்கப்புறம் வலைப்பூ நன்றாகவே வளர்ந்தது. தமிழ் வலைப்பூக்களையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் திரட்டி ஒன்றில் பாய் என்னைச் சேர்த்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தலைப்பு சின்னதாக இருக்க வேண்டும், பின்னூட்டம் போட்ட எல்லோருக்கும் பதில் போட வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்டேன். அவள் அலுவலகத்தில் காலை டீ வருவதற்கு முன் கொஞ்சம் ஓய்வு இருக்கும் என்று அவள் அண்ணன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். சரியாக அந்த நேரத்துக்குத்தான் பதிவு போவது மாதிரி வைத்தேன். "உங்க டைமிங் பிரமாதம் சார்" என்று துபாய்க்காரர் ஒருவர் பாராட்டினார்.

லாரி, கேன்டீன், ரயில் என்று எதை எழுதினாலும் நடுவில் அவளுக்கென்று ஒரு வரி வைத்துவிடுவேன். நித்தியமல்லி மொட்டு விட்டிருக்கிறது. கிரைண்டர் முனகுகிறது. பக்கத்து வீட்டுப் பூனை இன்னொரு தலையணையில் குடியேறிவிட்டது. ஊரெல்லாம் வந்து சிரித்துவிட்டுப் போனது. அவள் ஒரு பின்னூட்டம்கூடப் போடவில்லை. ஆனால் விலகவும் இல்லை. தினமும் கணக்கைப் பார்ப்பேன், அந்தப் பெயர் இருக்கும். அது போதும் என்று வேலைக்குப் போவேன்.

போகிற ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் விலகுவதற்கு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் பாய். நான் விடுவேனா? "என் தொல்லையிலிருந்து விடுதலை வேண்டுவோர் இங்கே தட்டவும்" என்று போட்டேன். பதிவுகளைவிட அந்த வரிக்குத்தான் கைதட்டல். "விடுதலை வேண்டாம், ஆயுள் தண்டனையே போதும்" என்று எழுதினார்கள். அந்த ஒரு வரிக்காக மட்டுமே சிலர் சேர்ந்தார்கள்.

ஒரு நாள் காலை, பாய் கடையில் எனக்கு ஒரு தகவல் வந்திருந்தது. சந்தாதாரர் ஒருவர் விலகிவிட்டார். யார் என்பது அதைத் திறந்தால் தெரியும். நான் திறக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ரயிலைப் பிடித்தேன். பெட்டியில் ஏறியதும் விசாரணைக் கமிஷன் வைத்தேன்.

"நேத்து எவன்டா விலகினது?"

"எம்மேல சந்தேகப்படாத தல. என் ஐடி இன்னான்னே எனக்குத் தெரியாது" என்றார் வெல்டர்.

"எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. எவன் தட்டி எவன் போனானோ" என்றார் கிரேன் ஓட்டுகிறவர்.

"தொலையட்டும் வுடு தல. ஒருத்தன் பூட்டா இன்னா இப்போ?" என்றார் வெல்டர்.

நான் விடவில்லை. ஒவ்வொருவரையும் சத்தியம் செய்யச் சொன்னேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். வெல்டர் என் தலையிலேயே கை வைத்துச் செய்தார். அவர்களில் யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது எனக்கு.

மாலையில் திறந்து பார்த்தேன். அவள்தான்.

கடைக்கு வெளியே வந்து போன் போட்டேன். உடனே எடுத்தாள்.

"மெயில் பெட்டி ரொம்பிடிச்சா?" என்றேன். அது நாள் முழுக்க ஒத்திகை பார்த்த ஜோக்.

"இல்லங்க. தட்டினேன்."

"கை தவறியா?"

"விடுதலைன்னு போட்டிருந்தீங்க. தெனம் படிச்சு முடிச்சதும் அதைத்தான் பாத்துக்கினு இருப்பேன். நேத்து தட்டிப் பாத்தேன். சேரும்போது நிச்சயமான்னு கேட்டுச்சில்ல, அது மாதிரி கேக்கும்னு நெனச்சேன். கேட்டா இல்லன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். கேக்கவே இல்ல. விலகிட்டீங்கன்னு வந்துடுச்சு."

அவளே தொடர்ந்தாள்.

"நான் பொட்டிய எடுத்துக்கினு கெளம்பினப்பவும் நீங்க கேக்கல. உங்கம்மா ஊட்டு மிக்சியையும் வரும்போது தூக்கினு வந்துடுன்னு சொன்னீங்க. ஆட்டோக்காரருகூட சிரிச்சாரு."

சிரித்தார்தான். எனக்கும் நினைவிருந்தது. அந்த ஜோக்கை அப்புறம் இரண்டு மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

"இப்ப கேக்கட்டுமா?" என்றேன். "நிச்சயமா?"

அவள் பக்கம் ஒரு எக்ஸ்பிரஸ் கடம்பத்தூரில் நிற்காமல் போகிற சத்தம் கேட்டது. அது முழுவதும் போய் முடிந்தது.

"இப்ப நிச்சயந்தாங்க. அண்ணன் வந்து பேசுவாரு. நல்லபடியா முடிச்சுக்கலாம்." அப்புறம், வைப்பதற்கு முன், "அந்தப் பூனைய தலையணைல ஏறவுடாதீங்க. உங்களுக்கு மூச்சு எளைக்கும்" என்றாள்.

திரும்பக் கடைக்குள் போனேன். போகிறவர்களையும் ஒருமுறை கேட்கிற மாதிரி செய்ய முடியுமா என்று பாயிடம் கேட்டேன்.

"அது நம்ம கைல இல்ல அண்ணாத்த. கம்பெனிக்காரன் வெச்சது. போறவங்கள ஒரே தட்டுல வுட்டுடணுமாம். அடியில இருக்கற வரியத்தான் நாம மாத்தலாம்."

விடுதலை வரியை அழித்தேன். அந்த இடத்தில் ஒரே ஒரு சொல்லை அடித்தேன்: "நிச்சயமா?" பாய் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த பதிவு போன மறுநாள், ரயிலில் கிரேன் ஓட்டுகிறவர் கத்தினார்.

"இன்னா தல, மெயிலுக்கு அடியில நிச்சயமான்னு போட்டுக்கிற? யாருக்கு நிச்சயம்? ஊட்ல விசேஷம்னு சொல்லவே இல்ல பாத்தியா!"

"பொண்ணு எந்த ஊரு தல?" என்றார் வெல்டர்.

"கடம்பத்தூர்" என்றேன்.

"டேய், அது தல மாமியார் ஊருடா! கட்னவளையே மறுபடியும் கட்டப் போறான்டா!" என்றார் கிரேன் ஓட்டுகிறவர்.

பெட்டியே சிரித்தது. கவரைப்பேட்டை தாண்டியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பதிவாக வந்திருக்கும். அன்று நான் அதை எழுதவில்லை.