ஒளித்து வைத்த ரொட்டி

பெரிய வியாழன் பிற்பகல் சரியாக நாலரைக்கு மாமா எங்களைப் பாயில் இருத்தினார். அம்மாவின் தமையனான அவர் முன்பு கப்பலில் சமையற்காரர். ஏதோ ஒரு துறைமுகத்தில் யூத நண்பர் வீட்டில் பாஸ்கா விருந்து உண்டதிலிருந்து, வருடந்தோறும் தன் வாவிக்கரை வீட்டிலும் அதை நடத்தினார். ஆட்டிறைச்சி, உப்புத் தண்ணீர், கசப்புக்குக் குறிஞ்சா இலை, இனிப்புக்குப் பேரீச்சம்பழமும் கச்சான் கடலையும் இடித்தது, புளிக்காத மாவில் சுட்ட மூன்று ரொட்டிகள். அடிமைத்தனம் நீங்கியவர்களைப் போல ஆளுக்கொரு தலையணையில் சாய்ந்து உண்ண வேண்டும். நடு ரொட்டியின் பாதியை வெள்ளைத் துணியில் சுற்றி மாமா ஒளித்து வைப்பார். அதைக் கண்டெடுத்து எல்லோரும் தின்னும்வரை, தேடுகிற பிள்ளையைத் தவிர எவரும் எழும்பக் கூடாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பரிசு, பன்னிரண்டு நிறப் பென்சில்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து சின்னம்மாவும் வந்திருந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா சுட்ட அச்சுப் பலகாரத்தைக் கடித்துவிட்டு, "இத ஓட்டுக்குப் பதிலாக் கூரையில போடலாம்" என்று அவர் சொன்ன நாளிலிருந்து அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. மாமாவின் சொல்லுக்காக வந்து, பாயின் இரு முனைகளில் முகம் திருப்பி இருந்தார்கள்.

நான் கொப்பியில் பட்டியல் போட்டுத் தேடினேன். அலுமாரி, அரிசிப்பானை, வலைக்கூடை. தேடிய இடங்களைக் கோடிட்டு வெட்டினேன். பதினேழு இடங்களிலும் இல்லை.

"அண்ண, ஆறேகால் பஸ்தான் கடைசி. நான் போகோணும்" என்றார் சின்னம்மா.

"ரொட்டி வராம ஆரும் எழும்ப ஏலா" என்றார் மாமா, தலையணையில் இன்னும் நன்றாகச் சாய்ந்தபடி. "வடிவாத் தேடு, புள்ள."

வேறு வழியின்றிச் சின்னம்மா தட்டில் மிஞ்சிய ரொட்டியை எடுத்துக் கடித்தார். அது காய்ந்து விறைத்திருந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார்: "என்னகா, என்ர பலகாரத்த விடக் கல்லோ?"

சின்னம்மா மென்று விழுங்கச் சற்று நேரம் எடுத்தது. "இல்லக்கா. உங்கட பலகாரம் பஞ்சு. இதுதான் ஓடு."

அம்மாவுக்குத் தண்ணீர் புரையேறியது. சின்னம்மா பாயில் நகர்ந்து வந்து முதுகில் தட்டினார். பிறகு இருவரும் சிறுவயதில் மாவைக் கருக்கிய கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்துப் போனதை நான் மட்டுமே கவனித்தேன்.

அப்போதுதான் மாமா அசைந்து நிமிர்ந்தார். அவருடைய தலையணைக்கு அடியில் வெள்ளைத் துணியின் நுனி தெரிந்தது.

"மாமா, கள்ளம்!" என்று கத்தினேன்.

"அட, இஞ்சையா கிடந்த!" என்று வியந்து, பென்சில்களை என் கையில் வைத்தார்.

அன்றிரவு அம்மாவின் பாயிலேயே சின்னம்மா படுத்துக்கொண்டார். பரிசு கிடைத்தும் தோற்றதுபோல இருந்தது எனக்கு. பட்டியலின் கீழே பதினெட்டாவது இடத்தையும் எழுதி, புதிய சிவப்புப் பென்சிலால் ஒரு குறிப்புச் சேர்த்தேன்: "மாமாவுக்கு ஞாபகமறதி. அடுத்த வருடம் முதலில் அவரைத் தலையணையிலிருந்து எழுப்பிவிட்டுத் தேட வேண்டும்."