அண்ணன் சொல்லச் சொன்னதும் நான் சொல்லாமல் விட்டதும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைவடைகிறது. அவர்களைப் பற்றி நானே எழுதுகிறேன் என்று வீட்டில் முன்வந்தவள் நான்தான். எழுத உட்கார்ந்த நாளிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தம் எல்லோருக்கும் அது தெரியும். இந்தத் தடவை பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஓர் உண்மையை இதில் எழுதியாக வேண்டும்.

அண்ணன் பிறந்தது தாராவியில். அப்பா அங்கே பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார்கள். அப்பா தவறியபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவையும் என்னையும் கரையேற்ற மலையேறுகிறவர்களுக்கான முதுகுப்பைகளைத் தைக்க ஆரம்பித்தார்கள். சரக்கைக் கொடுக்க மணாலிக்குப் போன அண்ணன், அங்கே ஆட்கள் காலில் பலகை கட்டிப் பனியில் சறுக்கி இறங்குவதைப் பார்த்துவிட்டார்கள். ஒரு வாரம் தாமதமாக, முழங்கை வீங்கி, முகமெல்லாம் சிரிப்போடு வந்து நின்றார்கள். "எங்கல போய்த் தொலைஞ்ச?" என்று அம்மா அழுதது எனக்கு இன்னும் ஞாபகம். அதன்பின் பனிக்காலம் இரண்டு மாதம் மணாலி, மற்ற நாளெல்லாம் பட்டறை. சில வருடங்களில் மும்பையிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறினார்கள். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை.

நம்மூர்க்காரர்கள் பனியில் ஒரே தப்பைத்தான் செய்வார்கள் என்பார்கள் அண்ணன். லோக்கல் ட்ரெயினில் நின்றே வளர்ந்தவர்கள் நாம். பிரேக் பிடித்தால் முன்னால் விழாமலிருக்க உடம்பு தானாகப் பின்னால் சாயும். பனியில் வேகம் கூடிப் பயம் வந்ததும் அதே போலச் சாய்வோம். அங்கே சாய்ந்தால் பலகை இன்னும் வேகமெடுக்கும், சொன்ன பேச்சுக் கேட்காது. "பயம் வந்துட்டா எல்லாவனும் குர்லா வண்டியில நிக்க மாதிரி நின்னுருதான்" என்று சிரிப்பார்கள். அண்ணன் கண்ட மருந்து, இரண்டு காலையும் இடுப்பகலம் விரித்து, முழங்காலை மடக்கி, முன்னால் கவிந்து நிற்பது.

என் வீட்டுக்காரர் மாட்டுங்காவில் வளர்ந்தவர். அண்ணனுக்கு அவர் பழக்கமானதே அந்தப் பனியில்தான். அங்கேயே எனக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள். ஆனால் அவர் கற்றது பழைய பாணி, இரண்டு காலும் ஒட்டியே இருக்க வேண்டும்.

"மச்சான், உங்க மாதிரி நின்னா பார்க்கவே நன்னா இல்லை. ரெண்டு காலும் ஒரே காலா போகணும்."

"பாக்கதுக்கா போறோம், மாப்பிள? முழுசா கீழ வந்து சேரணும்லா."

இருபது வருடமாக இதே பேச்சு. செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருவரும் முழங்காலை மடக்கி நின்று காட்டுவார்கள், சோறு ஆறிப்போகும். வீட்டுவேலைக்குப் புதிதாக வந்த பாயி அம்மாள், இவர்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் எடுத்து வந்தார்.

எங்கள் மகள் நிலா பெரியவளாகிப் பலகை கட்டியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மேலேயிருந்து அப்பா "ஒட்டு" என்பார், கீழேயிருந்து மாமா "விரி" என்பார்கள். அவள் நடுவில் விழுவாள். ஃபோன் அடித்தாலே "எங்க விழுந்தா?" என்று கேட்டுக்கொண்டுதான் எடுப்பேன்.

போன பனிக்காலத்தில் அண்ணனுக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. குளிர்ப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். நிலாவும் என் வீட்டுக்காரரும் மட்டும் மணாலிக்குப் போனார்கள். ஒரு மத்தியானம், நிலா இரண்டு விதமாகவும் சறுக்குவதை எடுத்து அவர் அனுப்பிய வீடியோவை அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி நாலைந்து தடவை பார்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, இங்க பாரு. நான் சொன்ன மாதிரி நிக்கும்போது காலையே பாத்துக்கிட்டு பின்னால சாயுதா. ஒட்டி நிக்கும்போது பயமே இல்ல, நேரா பாக்கா. மாப்பிள சொல்லுததுதான் இவளுக்குச் சரி. இனி அவரையே சொல்லிக்குடுக்கச் சொல்லு. ரெண்டு பேரு பேசுனா புள்ள விழுந்துரும்."

நான் சொல்லவில்லை. மறுநாள் "சொல்லிட்டியா?" என்று கேட்டார்கள். "சொல்லிட்டேன், சந்தோஷப்பட்டார்" என்று பொய் சொன்னேன். அண்ணன் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். இருபது வருடச் சண்டையை விட்டுக்கொடுத்துவிட்டால் அண்ணன் உயிரையும் விட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். மாப்பிள்ளை மணாலியிலிருந்து வந்து மறுபடி ஒரு சண்டை போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினேன். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் நிலாவிடம் கால் ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் கேட்டால் "மாமா சொன்னபடி நில்லு, அதுதான் அவருக்கு மரியாதை" என்கிறார். இந்தப் பனிக்காலம் அவளுக்குப் பயிற்சியாளர் தேர்வு. ஒத்திகைக்குப் போன இடத்தில் மூன்று தடவை விழுந்து மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என் பொய்யால் ஆனது.

அண்ணனைக் கடைசி வரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் சகோதரிகளுக்கும், பட்டறையை மூடவிடாமல் நடத்திய தையல்காரர்களுக்கும், ராத்திரியென்றும் பார்க்காமல் விக்ரோலியிலிருந்தும் வாஷியிலிருந்தும் வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

என் வீட்டுக்காரருக்கும் நிலாவுக்கும் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அதனால் படத்துக்கு மாலை போட்டபின் உங்கள் எல்லோர் முன்னாலும் இதை நானே வாசிக்கப் போகிறேன். தனியாகச் சொல்லப் பல நாள் வாய் திறந்தேன், வரவில்லை. பாதியில் நிறுத்திவிடுவேனோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. நிறுத்தினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது மிச்சத்தை வாசித்துவிடுங்கள்.

என்னங்க, நிலாவுக்கு இனிமேல் நீங்களே சொல்லிக்கொடுங்கள். அண்ணன் அப்படித்தான் சொன்னார்கள். நான்தான் உங்களிடம் சொல்லவில்லை.